கடல் உயர்வைக் கண்முன் நிறுத்தும் நிறுவல் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவல் கலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தையே படைப்பின் பகுதியாக்கும் கலை. ஓவியத்தை எந்தச் சுவரிலும் மாட்டலாம். நிறுவல் கலைப் படைப்பை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் பெரும்பாலும் அர்த்தம் போய்விடும். கடல் மட்டம் பற்றிய படைப்புகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஒரு தெருவில் "தண்ணீர் இதுவரை வரும்" என்று இழுத்த கோட்டை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனால் அது பொய்க்கோடு.

கடல் உயர்வதைச் சொல்ல விஞ்ஞானிகளின் அறிக்கைகள் போதாதா? கலை எதற்கு?

அறிக்கைகள் தெளிவாகத்தான் சொல்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு. கடந்த நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மி.மீ. என்றிருந்த வேகம், 2006க்கும் 2018க்கும் இடையில் 3.7 மி.மீ. ஆகிவிட்டது.

சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன், வீச்சு சுமார் ஒரு மீட்டர். லண்டனில் தேம்ஸ் நதி அதைப்போல் பல மடங்கு ஏறி இறங்குகிறது. நாளுக்கு இருமுறை இவ்வளவு ஏறி இறங்கும் நீரில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்வை யாரால் பார்க்க முடியும்? கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அது தெரியாது. அலை அளவிகளும் செயற்கைக்கோள்களும்தான் கண்டுபிடிக்கின்றன. அவை கண்ட எண்ணை ஒரு சுவரிலும் ஒரு வாசற்படியிலும் கொண்டுவந்து வைப்பதுதான் இந்தக் கலையின் வேலை.

இந்த வகையில் முதலில் அறிய வேண்டிய படைப்பு எது?

என்னைக் கேட்டால், கலைஞர் ஈவ் மோஷர் 2007ஆம் ஆண்டு நியூயார்க்கில் போட்ட கோடு. ஆங்கிலத்தில் "ஹைவாட்டர்லைன்" என்று பெயர்.

அவர் கையில் இருந்தது பேஸ்பால் மைதானத்தில் எல்லைக்கோடு போடப் பயன்படும் தள்ளுவண்டி. அதில் நீலச் சுண்ணப்பொடியை நிரப்பி, புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலும் கடல் மட்டத்துக்குப் பத்து அடி உயரத்தில் இருக்கும் எல்லா இடங்களையும் இணைத்து நடந்தார். மொத்தம் ஏறக்குறைய 70 மைல். அந்தப் பத்தடி உயரம் அவராக முடிவு செய்ததல்ல. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் உயரமாக அன்று கணக்கிடப்பட்டிருந்தது அதுதான். கடல் உயர உயர அதே வெள்ளம் மேலும் மேலும் அடிக்கடி வரும் என்று நகரத்தின் பருவநிலை ஆய்வுகள் அப்போதே எச்சரித்திருந்தன.

இந்தப் படைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது கோடு சென்ற வழி. நடைபாதையைக் குறுக்கே வெட்டியது, பூங்காவின் புல்லில் ஏறியது, கடைவாசலைத் தொட்டுப் போனது. எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும் "என்னம்மா செய்கிறீர்கள்?" என்று நின்றார்கள். மோஷர் வண்டியை நிறுத்திப் பேசினார். அந்தப் பேச்சுக்களையே அவர் படைப்பின் நடுநாயகமாகக் கருதினார். சுண்ணக்கோடு மழைக்குக் கரைந்துபோகும். தன் வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை வீட்டுக்காரர் மறப்பாரா?

அந்தக் கோடு சரியாக இருந்ததா?

2012 அக்டோபர் 29ஆம் தேதி இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. அன்று முழுநிலவு நாள். புயல் தள்ளிக்கொண்டு வந்த நீர் உயர் ஓதத்தோடு சேர்ந்துகொண்டது. சுரங்க ரயில் நிலையங்கள் மூழ்கின, கீழ் மன்ஹாட்டன் இருண்டது. நகரத்தில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். மோஷரின் கோட்டுக்குக் கடல்பக்கமாக இருந்த பகுதிகள் பரவலாக நீரில் கிடந்தன. சில இடங்களில் வெள்ளம் கோட்டையும் தாண்டியது.

இதை "கலைஞரின் தீர்க்கதரிசனம்" என்று பலர் புகழ்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிட்டால், எல்லாருக்கும் கிடைக்கக்கூடிய அளவீட்டை ஒருவர் மட்டும் மதித்துத் தெருவில் இறக்கினார் என்ற உண்மை மறைந்துபோகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எண் இருந்தது, வரைபடம் இருந்தது, கோடும் இருந்தது.

சில சென்டிமீட்டர் உயர்வு அவ்வளவு பெரிய சேதம் செய்யுமா?

செய்யும். மனிதச் செயல்களால் உயர்ந்த கடல் மட்டத்தின் பங்கு சாண்டி வெள்ளத்தில் ஏறக்குறைய 10 செ.மீ. என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. அந்தப் பத்து சென்டிமீட்டரால் மட்டும் கூடுதலாகச் சுமார் 800 கோடி டாலர் இழப்பு; கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 71,000 பேர். புயல்வெள்ளம் வீட்டின் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே நிற்பதும் படியேறி உள்ளே வருவதும் ஒன்றல்லவே.

ஸ்காட்லாந்தில் சுவர் முழுக்க வெள்ளைக்கோடு ஒளிரும் படம் ஒன்றைப் பார்த்தேன். அது என்ன?

வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நார்த் யூயிஸ்ட் என்ற தீவு இருக்கிறது. அதன் துறைமுக ஊர் லாக்மேடி. அங்குள்ள கலைமையத்தின் வெளிச்சுவரில் 2018இல் பின்லாந்துக் கலைஞர்கள் பெக்கா நீட்டிவிர்ட்டாவும் டிமோ அஹோவும் அமைத்த படைப்பு அது. பெயர் "கோடுகள்". பெயரோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் கட்டடத்தின் சுவரைச் சுற்றியும் அருகிலுள்ள வெளியிலும் ஒரே கிடைமட்டத்தில் ஓடின. பகலில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கரையில் வைத்த உணரிகள் நீர் ஏறுவதைக் கண்டுகொண்டன. உயர் ஓதம் வந்ததும் கோடுகள் ஒளிரத் தொடங்கின. புயல்வேளையில் கடல் எந்த உயரம்வரை எழக்கூடும் என்பதை அந்த ஒளி காட்டியது. சன்னலின் பாதியில் கோடு போனது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் அவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார் என்பது தானாகத் தெரிந்தது.

இந்தப் படைப்புக்குப் பின்னால் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. கணிக்கப்பட்டிருக்கும் புயல்வெள்ள மட்டத்தின் காரணமாக அந்தக் கலைமையம் தான் இருக்கும் நிலத்திலேயே மேற்கொண்டு விரிவடைய முடியாத நிலைமை. ஆகவே அந்தக் கோடு அந்தக் கட்டடத்தின் சொந்தக் கதை. அந்தத் தீவுக்கூட்டத்தில் இது யாருக்கும் தொலைதூரச் செய்தியும் அல்ல. 2005 ஜனவரிப் புயலில் தெற்கே சவுத் யூயிஸ்ட் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கடல்நீர் கொண்டுபோனது.

இணையத்தில் பரவும் படங்களின் கீழ் "இன்னும் சில ஆண்டுகளில் கடல் தினமும் இந்த உயரத்தில் நிற்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இதனால்தான் அடுத்த கேள்வி முக்கியமாகிறது.

கோட்டின் உயரத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதில் மூன்று அளவுகள் குழம்பிப்போகின்றன. சராசரிக் கடல் மட்டம் ஒன்று. அன்றாட உயர் ஓதம் இன்னொன்று. புயல் தள்ளிக்கொண்டு வரும் வெள்ளத்தின் உச்சம் மூன்றாவது. 2100ஆம் ஆண்டுக்குள் சராசரி மட்டம் எவ்வளவு உயரும் என்பதற்கு, உமிழ்வை மிக விரைவாகக் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ., மிக அதிகமாக உமிழ்ந்துகொண்டே போனால் 63 முதல் 101 செ.மீ. என்பது ஐ.நா. குழு தரும் வீச்சு. பனித்தகடுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சிதைந்தால் அதற்கும் மேலே போக வாய்ப்பு உண்டு என்றும் அந்தக் குழு சொல்கிறது.

ஆனால் கலைப் படைப்புகளில் கோடு இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். அங்கே புயல்வெள்ளத்தையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். அதில் தப்பில்லை, ஊரை அழிப்பது பெரும்பாலும் சராசரி மட்டம் அல்ல, அதன் முதுகில் ஏறி வரும் புயல்நீர்தான். எந்த அளவைக் காட்டுகிறோம் என்று பக்கத்தில் எழுதாமல் விடுவதுதான் தப்பு. ஒரு பார்வையாளர் வீட்டுக்குப் போய்க் கணக்கைச் சரிபார்த்து, "மிகைப்படுத்தியிருக்கிறார்கள்" என்ற முடிவுக்கு வந்துவிட்டால் அதன்பிறகு அவர் உண்மையான எச்சரிக்கையையும் நம்பமாட்டார்.

பாரிஸிலும் லண்டனிலும் பனிப்பாறைகளைக் கொண்டுவந்து உருகவிட்டார்களே, அதனால் கடல் உயராதா?

ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் சேர்ந்து செய்த "ஐஸ் வாட்ச்" அது. 2014இல் கோபன்ஹேகன், 2015இல் பருவநிலை மாநாடு நடந்தபோது பாரிஸ், 2018 டிசம்பரில் லண்டன். பாரிஸில் பந்தெயோன் சதுக்கத்தில் பன்னிரண்டு பாறைகளைக் கடிகார முகப்பைப்போல் வட்டமாக வைத்தார்கள். லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் வாசலில் 24, நகரின் வணிகப் பகுதியில் 6. மக்கள் தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக அடைபட்டிருந்த காற்றுக்குமிழிகள் வெடிக்கும் சடசடப்பு அந்தப் பனியில் கேட்கும்.

அந்தப் பாறைகள் உருகியதால் கடல் உயரவில்லை. அவை கிரீன்லாந்தின் நூக் நகருக்கு அருகே கடற்கழியில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தவை. மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் கிட்டத்தட்ட மாறாது. டம்ளரில் ஐஸ் போட்டுப் பார்த்தாலே தெரியும். நிலத்தின்மேல் இருந்த பனி உடைந்து கடலில் விழுகிறதே, அந்தக் கணத்தில்தான் கடல் உயர்கிறது. உலகக் கடல் முழுவதும் 1 மி.மீ. உயர ஏறக்குறைய 36,000 கோடி டன் நிலப்பனி கடலுக்குள் வரவேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971க்குப் பிறகான உயர்வில் சரிபாதிக்குக் காரணம் பனி உருகியது அல்ல, சூடான கடல்நீர் விரிவடைந்தது. பனிப்பாறையைக் காட்டுவது எளிது. விரியும் நீரைக் காட்டும் நல்ல படைப்பு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது செய்ய வேண்டும்.

பனியைக் கப்பலில் கொண்டுவருவதே மாசுதானே?

நியாயமான கேள்வி. பாரிஸ் படைப்புக்கான கார்பன் கணக்கை அதைச் செய்தவர்களே வெளியிட்டார்கள்: ஏறக்குறைய 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். முப்பது பேர் பாரிஸிலிருந்து கிரீன்லாந்துக்கு விமானத்தில் போய்த் திரும்புவதற்கு இணை என்று ஒப்பிட்டுச் சொன்னார்கள். கணக்கை மறைக்காமல் முன்வைத்ததை மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு டப்பா சுண்ணப்பொடியில் நடந்த வேலையோடு ஒப்பிட்டால் என் மனம் சுண்ணப்பொடியின் பக்கம்தான் சாய்கிறது.

நெதர்லாந்தில் எப்படிச் செய்கிறார்கள்? அந்த நாடே கடலுக்குக் கீழேதானே?

நாட்டின் பரப்பில் கால்பகுதிக்குச் சற்று மேல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே கலைஞர் டான் ரோசெகார்டே 2015இல் "வாட்டர்லிக்ட்" என்ற படைப்பைத் தொடங்கினார். திறந்தவெளியில் எல்.இ.டி. ஒளியை வில்லைகள் வழியாகப் புகைமூட்டத்தில் பாய்ச்சுவார்கள். தலைக்குமேல் நீலநிறத்தில் நீர்ப்பரப்பு அசைவதுபோல் இருக்கும். பார்ப்பவர்கள் அந்த நீருக்கடியில் நிற்கிறார்கள். அதை முதலில் கேட்டுவாங்கியது ஒரு கலைக்கூடம் அல்ல, மதகுகளையும் கரைகளையும் பராமரிக்கும் வட்டார நீர்வாரியம். அணை காக்கிறது என்ற நம்பிக்கையில் மக்கள் வெள்ளத்தை மறந்துவிட்டார்கள், நினைவூட்ட வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இருந்தது.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஆம்ஸ்டர்டாம் நகரமன்றக் கட்டடத்துக்குள் இருக்கும் கண்ணாடித் தூண்கள். லூயி வான் காஸ்டெரன், கேஸ் வான் டெர் வேர் இருவரின் வேலை. இரண்டு தூண்களில் இரண்டு கடற்கரை ஊர்களின் அந்த நேரத்து ஓத மட்டம் ஏறி இறங்குகிறது. மூன்றாவது தூணில் நீர் தலைக்கு மேலே அசையாமல் நிற்கிறது, அந்த நாட்டில் உயரங்களை அளக்கத் தொடங்கும் சுழிய மட்டத்திலிருந்து 4.55 மீட்டர் உயரத்தில். 1953 பிப்ரவரி முதல் தேதி வந்த பெருவெள்ளம் தொட்ட உயரம் அது. அந்த வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள். திருமணம் பதிவு செய்யவும் சான்றிதழ் வாங்கவும் மக்கள் வந்துபோகும் கட்டடம் அது. தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, அன்றாட வழியிலேயே நிற்கிறது.

வெனிஸில் நீரிலிருந்து எழுந்த ராட்சதக் கைகள்?

சிற்பி லொரென்சோ க்வின் 2017இல் வைத்த "தாங்குதல்". பெருங்கால்வாயிலிருந்து இரண்டு வெள்ளைக் கைகள் எழுந்து ஒரு பழைய மாளிகையின் சுவரைத் தாங்கின. உலகம் முழுவதும் படமாகப் பரவியது. அழகுதான். ஆனால் நீர் எவ்வளவு உயரும், எப்போது, யாருக்கு என்ற எதுவும் அதில் இல்லை. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போனார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2019 நவம்பர் 12 அன்று, வெனிஸில் நீர் 187 செ.மீ. எட்டியது, 1966க்குப் பிறகு அவ்வளவு உயர்ந்ததில்லை.

இவையெல்லாம் மக்களை உண்மையில் மாற்றுகின்றனவா?

ஓரளவுக்கு ஆய்வு இருக்கிறது. 2015 பாரிஸ் மாநாட்டையொட்டி நடந்த கலைவிழாவில் 37 படைப்புகளைப் பார்த்த 874 பேரிடம் லாரா சோமர், கிறிஸ்டியன் க்ளோக்னர் என்ற இரு ஆய்வாளர்கள் கருத்துக் கேட்டார்கள். அழிவைக் காட்டி அச்சுறுத்திய படைப்புகளும் இருந்தன, இனிய கற்பனையுலகைக் காட்டியவையும் இருந்தன. பார்த்தவர்களின் உணர்வையும் சிந்தனையையும் அதிகமாகத் தூண்டியவை ஒரு மிகச் சிறிய தொகுதி: வியக்கவைத்து, கூடவே செய்யக்கூடிய வழியையும் காட்டியவை. பார்த்த உடனே கேட்ட கருத்து என்பதால் ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்பதற்கு இது விடையல்ல.

பங்கெடுப்பு என்பது வேறு ஒரு கதவு. ஃபுளோரிடாவின் பைன்கிரெஸ்ட் ஊரில் கலைஞர் சேவியர் கோர்ட்டாடா 2018இல் தொடங்கிய வேலையைப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் வீடு கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை மட்டும் எழுதிய பலகையைத் தங்கள் முற்றத்திலேயே நட்டுவைத்தார்கள். நாற்சந்திகளில் தரையிலும் எண் எழுதப்பட்டது. வீட்டுவிலை விழுந்துவிடும் என்ற அச்சம் இருக்கும் ஊரில், சொந்தக் கையால் அந்த எண்ணை வாசலில் வைப்பது சிறிய காரியமா? அதே மாநிலத்தில் மியாமியில் 2013இல் மோஷரின் கோடு போடப்பட்டபோதும் வண்டியைத் தள்ளியவர்கள் உள்ளூர் மக்கள்தான்.

நம் கடற்கரையில் இப்படிச் செய்ய விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அந்தக் கரையில் வாழும் மீனவக் கிராமத்தாரிடம் போய்ப் பேசுங்கள். கடலேறிய உயரங்கள் அவர்களுக்குத் தெரியும். எந்தப் புயலில் நீர் எந்தக் கோயில் படிவரை வந்தது என்று பெரியவர்கள் காட்டுவார்கள். அவர்கள் இசைவில்லாமல் வெளியிலிருந்து போய், "இந்த இடம் மூழ்கும்" என்று கோடு போடுவது அநியாயம். அவர்களைக் கரையிலிருந்து அகற்ற நினைப்பவர்களுக்கு அந்தக் கோடே ஆயுதமாகிவிடலாம்.

அடுத்தது, கடலரிப்பு எல்லாவற்றையும் கடல் உயர்வின் கணக்கில் எழுதாதீர்கள். சென்னைத் துறைமுகம் கட்டியபிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கடலுக்குள் நீட்டிக் கல்தடுப்பு, அதாவது தூண்டில் வளைவு, போட்ட ஊருக்கு மணல் சேர, அடுத்த ஊர் இழந்த கதைகளும் உண்டு. உயரும் கடல் இதை மோசமாக்கும் என்பது உண்மை. முதற்காரணத்தை மறைத்துவிட்டால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

ஒளி வேலை என்றால் காலத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செத்துப்போகின்றன. அந்த மாதங்களில் கடற்கரையில் விளக்கு வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதியும் தேவைப்படலாம். உள்ளாட்சியிலும் மாவட்ட நிர்வாகத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது? கருவி வாங்கப் பணமில்லை.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பல நிலையங்களில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் எண் அது. இந்திய நில அளவைத் துறை உயரத்தை அளந்து இட்டுவைத்த அளவுக்குறிகளை வைத்துத்தான் இந்த நாட்டில் உயரங்கள் கணக்கிடப்படுகின்றன. அந்தக் கணக்கின் சுழியம் நூறாண்டுக்கு முன்பு ஒன்பது துறைமுகங்களின் அலை அளவிகளிலிருந்து எடுக்கப்பட்டது. சென்னையும் நாகப்பட்டினமும் அந்த ஒன்பதில் அடக்கம். அதன்பிறகு கடல் உயர்ந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தெரிந்த உயரம் ஒன்று கிடைத்துவிட்டால், அங்கிருந்து பள்ளிக்கோ தெருவுக்கோ மட்டத்தைக் கொண்டுபோவதற்குக் கொத்தனாரின் தண்ணீர்க்குழாய் போதும். தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனையையும் இருவர் பிடித்தால், இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் கூடக்கூடப் பிழையும் சேரும். அதனால் போன வழியே திரும்பி ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு கொத்தனாரையே அழைத்துவந்து மாணவர்களுக்குக் கற்றுத்தரச் சொன்னால் இன்னும் நல்லது.

கோட்டை எதனால் போடுவது? எத்தனை நாள் இருக்க வேண்டும்?

தரையில் என்றால் கோலமாவு. நடந்துபோகிறவர் மிதிக்கத் தயங்குவார், தயங்கினால் கேட்பார். சுவரில் என்றால் காவி. பிளாஸ்டிக் நாடாவும் தெர்மாக்கோலும் வேண்டாம். காற்றடித்தால் கடலுக்குத்தான் போகும்.

எத்தனை நாள் என்பதற்கு விதி கிடையாது. ஒரு மழையில் அழிந்தாலும் பரவாயில்லை, மறுபடி போடும்போது இன்னொரு வகுப்பு அளக்கக் கற்றுக்கொள்ளும். அதற்கு வசதியாக, எந்த அளவுக்குறியிலிருந்து அளந்தோம், சராசரி மட்டத்தைக் காட்டுகிறோமா புயல்வெள்ளத்தையா, எந்த ஆண்டு வெளியான கணிப்பு என்ற விவரங்களைப் பள்ளியின் பதிவேட்டிலும் கோட்டின் அருகே ஒரு பலகையிலும் எழுதிவையுங்கள். கணிப்பு திருத்தப்படும்போது கோட்டையும் ஏற்றி இறக்கிப் போட அது உதவும்.